ஜூலை வெயிலில் மெக்கிளவுட் அருவிகள்: கீழிருந்து ஏறுவதா, மேலிருந்து இறங்குவதா, பர்னிக்கே போய்விடுவதா?

போன ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீமான்ட்டிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். "அத்தான், ஜூலைல அப்பாவையும் பசங்களையும் அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன். பர்னியா, மெக்கிளவுடா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அப்பா என்றது எழுபதைத் தாண்டிய, இடது முட்டி மக்கர் பண்ணும் என் மாமனாரை. பசங்க என்றது ஆறு வயதில் ஒருத்தி, பதினொன்றில் ஒருவன். பெரியவனுக்குப் பாறை ஏற வேண்டும், சின்னவளுக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும், மாமாவுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து அருவி தெரிய வேண்டும். ஒரு வார்த்தையில் மூன்று பேரும் அடங்க மாட்டார்கள் என்பதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு இடங்களுக்கும் கோடையில் போய்ப் பட்டு வந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

இடம் தெரியாதவர்களுக்கு: வட கலிஃபோர்னியாவில் 4,322 மீட்டர் உயரத்தில் ஷாஸ்தா என்று ஓர் எரிமலை தனியாக நிற்கிறது. அதன் தெற்கு அடிவாரத்தை ஒட்டி மெக்கிளவுட் ஆறு ஓடுகிறது. மெக்கிளவுட் ஊரிலிருந்து 89-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே ஐந்தாறு மைல் போனால், ஒரே ஆற்றில் அடுத்தடுத்து மூன்று அருவிகள். கீழருவி, நடு அருவி, மேலருவி. பெயர் வைத்தவர்கள் ரொம்ப யோசிக்கவில்லை. அதே சாலையில் தென்கிழக்கே இன்னும் முக்கால் மணி நேரம் ஓட்டினால் பர்னி அருவி. ஃப்ரீமான்ட் இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து இரண்டுக்குமே நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். ரெட்டிங் வரை ஒரே பாதை, அங்கேதான் பிரிகிறது. அதனால் தூரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

வெயிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரெட்டிங்கில் 2024 ஜூலை 6 அன்று 119 டிகிரி ஃபாரன்ஹீட் அடித்தது, நம் ஊர்க் கணக்கில் 48 டிகிரி. அந்த ஊரில் பதிவானதிலேயே அதுதான் உச்சம். ஜூலையில் நூறைத் தொடுவதெல்லாம் அங்கே சாதாரண நாள். மெக்கிளவுட் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் பத்துப் பதினைந்து டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். ஆனாலும் "மலைதானே, குளுகுளுவென்று இருக்கும்" என்று நம்பி வந்தால் ஏமாற்றம்தான். மத்தியானம் ஒரு மணிக்குச் சுள்ளென்று அடிக்கும். ராத்திரிக்குத்தான் ஸ்வெட்டர்.

இந்த வெயிலில் அருவி எத்தனை அடி உயரம் என்று நான் கேட்பதே இல்லை. இரண்டே கேள்விதான் கேட்பேன். ஏற்றம் எந்த மணிக்கு வருகிறது? தண்ணீரில் இறங்குவது நடைக்கு முன்னாலா, பின்னாலா?

உயரத்தைக் கேட்பவர்களுக்கு இந்த இரண்டில் பர்னிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 129 அடி. மேலே விளிம்பிலிருந்து இரண்டு வெள்ளைத் தூண்களாக விழுவது பாதிதான். மீதிப் பாதி பாறைச் சுவரின் நடுவிலிருந்தே, நூறு இடத்தில் ஓட்டை விழுந்த தொட்டி மாதிரி, பீறிட்டுக்கொண்டு வருகிறது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட் பாறை அது. பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே வெடிப்பும் துளையுமாக இருக்கும். மழையும் பனியும் உள்ளே இறங்கி, பாறைக்குள்ளேயே நகர்ந்து, இங்கே வந்து ஊற்றாக வெளிப்படுகின்றன. கொஞ்ச தூரம் மேலே போனால் கோடையில் ஓடைப் படுகை காய்ந்தே கிடக்கும். அருவியில் மட்டும் நாள் ஒன்றுக்குப் பத்துக் கோடி கேலன் கொட்டும். குற்றாலத்தில் சீசன் போய்விட்டால் பாறைதான் மிச்சம். பர்னிக்கு சீசனே கிடையாது. ஆகஸ்ட் கடைசியில்தான் லீவு கிடைக்கும் என்பவர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் மெக்கிளவுட் அருவிகள் பனி உருகும் மே, ஜூனில் ஆர்ப்பாட்டமாக இருந்துவிட்டு ஆகஸ்டில் கொஞ்சம் ஒடுங்கிவிடும்.

பார்க்கிங்கிலிருந்து நாலு எட்டு வைத்தாலே பர்னியின் பார்வைத் தளம் வந்துவிடுகிறது. மாமாவுக்கு அது போதும். அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து அடிக்கு இறங்குகிறது. கீழே போகப் போக வெயில் கழன்று விழுவது மாதிரி இருக்கும். சாரல் மூஞ்சியில் அடிக்கும், கண்ணாடி போட்டவர்கள் அதைத் துடைத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

அப்புறம் என்ன குறை? மூன்று குறை. ஒன்று, கூட்டம். கோடை வார இறுதியில் பார்க்கிங் காலையிலேயே நிரம்பி, நெடுஞ்சாலையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். காரை எங்காவது ஓரம்கட்டிவிட்டு நடந்து வந்துவிடலாம் என்ற நம் ஊர் யோசனை அங்கே செல்லாது. எட்டு மணிக்கு உள்ளே இருக்க முடியாது என்றால் பர்னியை மறந்துவிடலாம். இரண்டு, தண்ணீர். வருஷம் முழுக்க 42 முதல் 48 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஃபிரிட்ஜுக்குள் வைத்த பாட்டில் அளவு. உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அதில் குதித்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவனுக்கும்தான். அருவிக் குளத்தில் இறங்கும் நினைப்பே வேண்டாம். குழந்தைகள் நனைய வேண்டுமென்றால் அதே பூங்காவில் பிரிட்டன் ஏரி இருக்கிறது, குளிப்பதற்கென்று கரையும் உண்டு. மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிது: இறங்கிப் பார்த்துவிட்டு, பத்து மணி வெயிலில் ஏறி வர வேண்டும். நடை மொத்தமே ஒன்றேகால் மைல் சொச்சம்தான். ஆனாலும் குளிர்ச்சி முதலில், ஏற்றம் கடைசியில். என் இரண்டு கேள்விக்கும் பர்னி தலைகீழாகப் பதில் சொல்கிறது.

இப்போது மெக்கிளவுட்.

கீழருவி பதினைந்து அடிதான் இருக்கும், அருவி என்று சொல்லக் கூச்சப்படும் உயரம். ஆனால் அதன் முன்னால் பெரிய மடு. நடு அருவி ஐம்பது அடி உயரம், அகலம் அதைவிடக் கூடுதல், கரும்பாறையில் வெள்ளைத் திரை தொங்கவிட்ட மாதிரி. மேலருவி குறுகலான பாறை இடுக்கில் ஆறு முழுவதும் நுழைந்து, நெருக்கியடித்துக்கொண்டு வட்டமான மடுவில் பாய்வது. மூன்றையும் சேர்க்கும் ஆற்றங்கரைப் பாதை ஒரு வழிக்கு இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்கிங் உண்டு. இந்த ஒரு வசதியால்தான் இத்தனை விதமாகப் போக முடிகிறது.

பெரும்பாலானவர்கள் செய்வது கீழிருந்து தொடங்கி மேலே போய்த் திரும்புவது. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். கீழருவியிலிருந்து ஃபவுலர்ஸ் முகாம் வரை தார் போட்ட, சமமான பாதை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கூடத் தள்ளலாம். முகாமைத் தாண்டியதும் மண் பாதை, மர நிழல், பக்கத்திலேயே ஆறு. இன்சென்ஸ் சீடர் மரங்கள் நிறைய. அதன் பட்டையிலோ ஒடிந்த கிளையிலோ மூக்கை வைத்துப் பாருங்கள், புதிதாகச் சீவிய பென்சில் வாசனை அடிக்கும். பென்சில் செய்வதே அந்த மரத்தில்தான். நடு அருவியின் அடிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். அங்கேதான் பாதை தன் சுயரூபத்தைக் காட்டுகிறது: அருவியின் பக்கவாட்டில் வளைந்து வளைந்து மேட்டுக்கு ஏறுகிறது. மொத்த நடையிலும் ஏற்றம் என்று சொல்லத்தக்கது இந்த ஒன்றுதான். ஆனால் பத்து மணிக்குத் தொடங்கியவனுக்கு அது பதினொன்றரைக்கு வருகிறது. மேலே போன பிறகு விளிம்புப் பாதையில் நிழலும் விட்டுவிட்டுத்தான். அங்கிருந்து மேலருவி வரை போய், அதே வழியில் முழுசாகத் திரும்ப வேண்டும். அன்றைக்கு என் கையில் ஓர் ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில். பக்கத்தில் ஆறு சலசலவென்று ஓடுகிறது, எனக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வடிகட்டாமல் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்துகொண்டு பார்த்துக்கொண்டே நடப்பது தனிக் கொடுமை.

இரண்டாவது வழி நடக்காமல் காரிலேயே மூன்று இடத்துக்கும் போவது. இதை மட்டமாகப் பேசுகிறவர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை. நடு அருவி, மேலருவி இரண்டுக்கும் பார்க்கிங் பக்கத்திலேயே பார்வைத் தளமும் தளம் போட்ட பாதையும் இருக்கின்றன. வேலியோரம் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொடுத்தால் மாமா அரை நாள் அசையாமல் இருப்பார். போன தடவை அப்படித்தான், "நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, எனக்கு இதுவே திருப்தி" என்று எங்களை அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் ட்ரவுட் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாமா குன்னூர்க்காரர். அவலாஞ்சி பண்ணையில் வளர்க்கும் அதே ரெயின்போ ட்ரவுட்தான் இந்த ஆற்றிலும். 1872-இல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் மெக்கிளவுட் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சால்மன் முட்டை எடுக்கும் நிலையம் அமைத்தார். சில வருஷங்களில் ட்ரவுட் முட்டையும் அங்கிருந்து நாலா பக்கமும் போகத் தொடங்கியது. அந்த இடம் இப்போது ஷாஸ்தா அணையின் நீருக்கடியில்.

மீனைப் பற்றிப் பேசினால் இந்த ஆற்றுக்குச் சொந்தக்காரர்களைப் பேசாமல் விட முடியாது. வின்னமெம் வின்டூ என்ற பூர்வகுடி மக்களின் ஆறு இது. 1945-இல் கட்டி முடித்த அந்த அணை அவர்களுடைய ஊர்களில் பெரும்பகுதியை முழுக்கடித்ததோடு, கடலிலிருந்து ஏறிவரும் சால்மனையும் தடுத்துவிட்டது. 2022-இல்தான் சால்மன் முட்டைகளைத் திரும்ப இந்த ஆற்றில் கொண்டுவந்து விட்டார்கள், அந்த மக்களும் அரசுத் துறைகளும் சேர்ந்து. நடு அருவி முன்னால் நிற்கும்போது இதைப் பெரியவனிடம் சொல்லுங்கள், அவனுக்குப் புரிகிற வயதுதான்.

சரி, மூன்றாவது வழிக்கு வருகிறேன். என் வழி இதுதான்: மேலருவியில் தொடங்கிக் கீழருவியில் முடிப்பது, ஒரு வழி மட்டும்.

காலை ஏழரைக்கு மேலருவியில் இருந்தால் அந்த நேரத்தில் ஊசியிலை மரங்களின் நிழல் நீளமாக விழுந்து கிடக்கும். விளிம்புப் பாதையை வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடலாம். நடு அருவியில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும் வளைவுகளில் நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். அருவியின் அடியில் பாறை மேல் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைப் பிரிக்கலாம். அங்கே கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒரு குருவி வரும். பாறையில் நின்று தோப்புக்கரணம் போடுகிற மாதிரி ஏறி இறங்கும், பிறகு சர்வ சாதாரணமாகத் தண்ணீருக்குள் நடந்து போய்விடும். வழுக்கி விழுந்துவிட்டது என்று போன தடவை சின்னவள் அலறினாள். பத்து விநாடி கழித்து அது வாயில் புழுவோடு வேறு இடத்தில் ஏறி வந்தது. டிப்பர் என்று பெயர். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், அருவியை யாரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நிழலில், ஆற்றோடு சேர்ந்து இறக்கம். பத்தரை வாக்கில், உடம்பு சூடாகி, சட்டை முதுகில் ஒட்டும் நேரத்தில் கீழருவியின் மடு வருகிறது. அதாவது வெயிலும் தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. நடையின் களைப்பை நனைந்து தீர்த்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் காரில் ஏறிவிடலாம். கீழிருந்து தொடங்குகிறவர்கள் இந்த மடுவைக் காலையில் குளிர் விடாத நேரத்தில் பார்த்து, "திரும்பி வரும்போது இறங்கலாம்" என்று போய், திரும்பி வரும்போது ஒரு மணி வெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார்கள்.

இங்கும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், ஆனால் பர்னி அளவுக்கு எலும்பைக் கடிக்காது. முதலில் கால், பிறகு முட்டி, பிறகு இடுப்பு என்று ஓரத்திலேயே படிப்படியாக இறங்க வேண்டும். பாறை மேலிருந்து பையன்கள் வரிசையாகக் குதிப்பார்கள், பெரியவன் கண் அங்கேயே போகும். விடாதீர்கள். தண்ணீருக்கடியில் பாறை எங்கே இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது, நுரைக்குப் பக்கத்தில் இழுப்பும் உண்டு. இன்னொன்று, அந்தக் கரும்பாறை. பதினோரு மணிக்கு மேல் அது தோசைக்கல். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குப் போன சின்னவள், கரையேறித் திரும்ப நாலடி வைக்க முடியாமல் என் தோளில்தான் வந்தாள். ரப்பர் செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும், வெறுங்கால் காய்ந்த பாறையில் வேகும். பின்பட்டை வைத்த, நனையக்கூடிய சாண்டல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழியில் டன்ஸ்மியூரில் ஹெட்ஜ் க்ரீக் அருவி இருக்கிறது, அருவிக்குப் பின்னால் நடந்து போகலாம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வந்துவிடும், போகிறபோக்கில் பார்த்துவிட்டுப் போகலாம். அதே ஊரில் மாஸ்ப்ரே என்று பாசிச் சுவரிலிருந்து வழியும் ஓர் அருவியின் படத்தை மச்சினன் அனுப்பியிருந்தான். அழகுதான். ஆனால் ஆட்கள் அங்கே போவது ரயில் தண்டவாளத்தை ஒட்டி, அத்துமீறி. ரயில் மோதி அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளோடு அந்தப் பேச்சே வேண்டாம்.

புகையையும் பார்க்க வேண்டும். ஜூலைக்கு மேல் காட்டுத் தீ எங்காவது பிடித்தால் வெயிலைவிட அதுதான் ஆளை வீழ்த்தும். கிளம்பும் முந்தின நாள் காற்றின் தரத்தைப் பாருங்கள். மோசம் என்றால் ஓட்டல் காசு போனாலும் பரவாயில்லை, தள்ளிப் போடுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரியே மெக்கிளவுட்டிலோ மவுண்ட் ஷாஸ்தா ஊரிலோ தங்கிவிட வேண்டும். விடியற்காலையில் பே ஏரியாவிலிருந்து கிளம்பினால் அருவிக்குப் போய்ச் சேருவது சரியாகத் தப்பான நேரத்தில்தான் இருக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அது போக உப்புப் போட்ட மோர் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கில். செல்ஃபோன் சிக்னலை நம்பாதீர்கள். வெயில் காயும் பாறை இடுக்கில் கையை விடாதீர்கள், விரியன் வகைப் பாம்பு உள்ள ஊர். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நாலு அன்றைக்கே போகாமல் அடுத்த வாரம் போனால் புண்ணியம்.

ஆக மச்சினனுக்கு என் பதில்: மெக்கிளவுட், மேலிருந்து கீழே. மாமாவை நடு அருவித் தளத்தில் உன் மனைவியோடு விட்டுவிடு. நடை முடிந்ததும் கீழருவியில் நிற்கும் காரில் போய் அவர்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆகஸ்ட் கடைசி என்றால் மட்டும் பர்னி, அதுவும் வார நாளில்.

எங்கள் வீட்டுக் காரும் வந்தால் இரண்டு கார் ஆகிவிடும். ஒன்றை முந்தியே கீழருவியில் நிறுத்திவிட்டு, எல்லோரும் மற்றதில் மேலே போகலாம். ஒரே கார்தான் என்றாலும் கவலை இல்லை. ஓட்டுகிறவன் மற்றவர்களை மேலருவியில் இறக்கிவிட்டு, காரைக் கீழருவியில் போட்டு, அங்கிருந்து ஏறி வந்து நடு அருவியில் அவர்களைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஒருவனுக்கு மட்டும் ஏற்றம் உண்டு, ஆனால் எட்டு மணிக்கு. இரண்டு கார் எடுத்துப்போவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதே. கீழே நிற்கும் காரின் சாவி உன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். போன வருஷம் அது மேலே நின்ற காரின் டேஷ்போர்டில் பத்திரமாக இருந்தது. நனைந்த துணியோடு, ஒரு மணி வெயிலில், இரண்டு மைல் ஏறிப் போய் நான்தான் எடுத்து வந்தேன்.